காரணம், நூறு எழுத்துக்குள்

படிவத்தில் ஒரேயொரு பெட்டி:
இரு அணிகளுக்கும் வெவ்வேறு புள்ளித்திட்டம் ஏன்?
காரணத்தை நூறு எழுத்துக்குள் தருக.
திங்கள் காலை பத்துக்கு முன் போகவேண்டும்.
இப்போது ஞாயிறு இரவு பதினொன்றரை,
அக்கரைப்பற்றில் ஒரு மாடியறை.
கீழே கொத்துக்கடையின் தகரம்
இன்னும் அடங்கவில்லை.

பகல் அணிக்கு நான் வகுத்தது
வாரம் மூன்று பதிவு, நூற்றைம்பது சொல்லுக்குக் குறையாமல்,
இரண்டு பேருக்குப் பதில், ஒரு மேற்கோள்.
வார இறுதி அணிக்கு ஒரு பதிவு.
குரலாகவும் அனுப்பலாம்.
எந்த நேரம் வந்தாலும் வந்ததுதான்.
இரண்டுக்கும் இருபது புள்ளி.

கேள்வி மட்டும் ஒன்று:
குளத்தில் பாதி நீர். சிறுபோகம்.
எந்தக் கண்டத்துக்கு முதலில் திறப்பீர்கள்?

ருக்‌ஷானா புதன் காலை எட்டுக்கே தொடங்கிவிட்டாள்.
நிலைபேறு, பங்கீட்டு நீதி,
இரண்டு அறிக்கை, கையால் கீறிய வரைபடம்.
அதன் கீழே பிரவீந்தன்:
அருமையான கருத்து, உடன்படுகிறேன்.
அவனுக்குக் கீழே இன்னொருவர், உடன்படுகிறேன்.
எண்ணினேன், பதினேழு பேர்.
பதினேழு பேருக்கும் புள்ளி உண்டு,
சட்டம் நான் போட்டது.

மறுபக்கம் வெள்ளக்குட்டி, வயது நாற்பத்தொன்று,
சாகாமத்துப் பக்கம் வாய்க்கால் கதவு திறப்பவர்.
பத்தொன்பது செக்கன் குரல்,
பின்னால் உழவு மெசினின் இரைச்சல்:
“கடைசிக் கண்டத்துக்குத்தான் சேர் முதல்.
மேல உள்ளவன் எப்படியும் ராவைக்கு வெட்டி எடுப்பான்.
அதையும் கணக்கில போட்டுத்தான் திறக்கிற.”
பத்தொன்பது கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ருக்‌ஷானா தனியாக எழுதினாள்:
“அவங்களுக்கு ஒண்டு, எங்களுக்கு மூண்டா சேர்?
முறைப்பாடு இல்ல. கேக்குறன்.”
வேலை செய்கிறவர்கள், குடும்பக்காரர்கள் என்று
ஒரு பதில் தட்டி
அனுப்பாமல் வைத்திருந்தேன்.

அதே மாலை
மூன்று கிழமையாய் எதுவும் எழுதாத
சுதர்ஷிகாவைக் கூப்பிட்டேன். ஆலையடிவேம்பு.
மாலை ஆறிலிருந்து இரவு இரண்டு வரை
பேக்கரியில் பாண் அடுக்குகிறாள்.
முதலே சொல்லியிருக்கலாமே என்றேன்.
“நான் பகல் அணிதானே சேர்.”
அவ்வளவுதான் சொன்னாள்.
பின்னால் தட்டுகள் உருளும் சத்தம்.

வார இறுதி அணியில்
வங்கி உதவி முகாமையாளர் ஒருவரும் உண்டு.
குளிரறை, இரண்டு திரை.
கார் ஓட்டிக்கொண்டே எட்டு செக்கனில் சொன்னார்,
முன்னால் பேசியவரோடு உடன்படுகிறேன்.
என் அளவுகோலின்படி அவர் தேறிவிட்டார்.

மேடும் பள்ளமும் எங்கேயோ கிடக்க
நான் வரம்பு கட்டியது
பெயர்ப்பட்டியலில்.

திரும்பப் பெட்டிக்கு வருகிறேன்.
எழுதி அழித்தது: தொழில்புரிவோர் என்பதால்.
எழுதி அழித்தது: இணைய வசதிக் குறைவு.
அழிக்கும்போதுதான் பார்த்தேன்,
இந்தப் பெட்டி புள்ளியையும் எண்ணுகிறது, கொம்பையும் காலையும் எண்ணுகிறது.
சமம் என்று மூன்று எழுத்து போட்டால்
நான்கு கழிகிறது.
பக்கத்து அறைச் சகா ஆங்கிலத்தில் நிரப்புகிறார்.
அவருக்கும் நூறுதான்,
ஒன்றுக்கு ஒன்று கழியும் நூறு.
யாரிடம் போய்க் கேட்பது இதை?
முறைப்பாடு இல்லை. கேட்கிறேன்.

ருக்‌ஷானாவுக்கு வைத்திருந்த பதிலைத் திறந்து
முதல் வரியை மட்டும் விட்டேன்:
நீங்கள் கேட்டது சரி.
அனுப்பினேன். இரண்டாவது வரி
எனக்கு இன்னும் தெரியாது.

சுதர்ஷிகாவை வார இறுதி அணிக்கு மாற்றப் பார்த்தேன்.
பதிவாளர் ஒப்பம் கேட்கிறது.
பெயரை எந்த அணியிலும் இல்லாமல் விட
இந்த மென்பொருளுக்குத் தெரியாது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம்.
கொத்துத் தகரம் ஓய்ந்த நேரம் கைபேசி அதிர்ந்தது.
வெள்ளக்குட்டி.
இம்முறை குரல் இல்லை, எழுத்து:
“பாத்தன் சேர். பத்தொன்பது.
அந்த ஒண்டு எங்கால போனது?”

பெட்டியில் இன்னும்
முப்பத்தொரு எழுத்து மீதி.