மூன்று நிமிடம்

சிம்மக்கல்லில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
இருபத்திரண்டு படி. நடுவில் ஒருமுறை நின்று
செல்போன் பார்ப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொள்வேன்.

பிரெஞ்சு வகுப்பில் பதினோரு பேர்.
கனடாவுக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகள் எட்டு,
ஓட்டல் வேலைக்குப் படிக்கும் இருவர்,
அப்புறம் அறுபத்தொன்பது வயது ஞானசௌந்தரி, நான்.

பேத்தி பாரிஸிலா என்றார் எதிர்வீட்டு சுசீலாபாய்.
ஆமாம் என்றேன்.
மறதி வராமலிருக்க டாக்டர் சொன்னாரா என்றான் அக்கா மகன்.
அதற்கும் ஆமாம்.
பேத்தி இருப்பது திருமங்கலத்தில்.
மறதிதான் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.

எண்பத்துமூன்று, ஐப்பசி, அடைமழை.
தல்லாகுளம் எக்ஸ்சேஞ்சில் ராத்திரி டியூட்டி.
மேலமாசி வீதி லாட்ஜிலிருந்து ஒரு வெள்ளைக்காரி,
நாலு மணி நேரம் காத்திருந்த டிரங்க் கால்
பம்பாய் வழியாக எங்கெங்கோ நுழைந்து
கிடைத்துவிட்டது.
ஒட்டுக்கேட்கக் கூடாது.
கேட்டேன்,
லைன் அறுந்துவிடாமல் பார்க்கத்தான் என்று
எனக்கே சொல்லிக்கொண்டு.

கரகரப்புக்கு நடுவே அழுதாள்.
அழுகை புரிந்தது. பேச்சில்
ஒரே ஒரு சொல்தான் புரிந்தது.
தம்பி.
திரும்பத் திரும்பத் தம்பி, தம்பி.

மூன்று நிமிடம் ஆனதும் இடையில் புகுந்து சொல்ல வேண்டும்.
சொல்லவில்லை. ஒன்பது ஓடியது.
மூன்றுக்கு டிக்கெட் எழுதினேன்.
மெமோ வந்தது. இன்கிரிமென்ட் ஆறு மாதம் தள்ளிப்போனது.

அந்தத் தம்பிக்கு நாற்பது வருஷமாக
நான்தான் சோறு போட்டு வளர்த்தேன்.
காய்ச்சலில் படுக்கவைத்தேன், கடனில் மாட்டிவிட்டேன்,
ஒரு தடவை ஜெயிலுக்கும் அனுப்பினேன்.
பாண்டி கோயிலுக்குப் போனால்
பெயர் தெரியாத அவனுக்கும் ஒரு சூடம்.

போன வியாழன், ஏழாம் பாடம்.
பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவன் தோளைக் குலுக்கிச் சொல்கிறான்:
தாம்பீ.
'என்ன செய்ய, போகட்டும் விடு' என்று
பலகையில் எழுதினாள் காரைக்கால் க்ளோதில்த் மிஸ்.
இன்னொரு தரம் சொல்லுங்க என்றேன்.
இன்னொரு தரம்.
பிள்ளைகள் சிரித்தார்கள்.

தம்பியே கிடையாது.
போகட்டும் விடு, போகட்டும் விடு என்று
ஒன்பது நிமிடம் அழுதிருக்கிறாள் பாவி.
எதை விட்டாளோ.

வந்த காரியம் முடிந்தது.
மிச்ச மாதத்துப் பீஸைத் திருப்பிக் கேட்கலாமா
என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினேன்.

இன்றைக்கு எண்கள்.
எழுபதுக்கு அவர்களிடம் தனிச்சொல் இல்லையாம்.
அறுபத்துப் பத்து என்பார்களாம்.
தை பிறந்தால் எனக்கு அறுபத்துப் பத்து,
மறு தைக்கு அறுபத்துப் பதினொன்று.
நோட்டில் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன்.

அப்போ எண்பதுக்கு என்ன பண்ணுவாங்க மிஸ்?
அது அடுத்த கிளாஸ் என்றாள்.