ரோண்டா ஹூக்ஸ்ட்ராவுக்கு, பக்கத்து வீடு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ரோண்டா:
எங்கள் முகத்துக்கு நேரே 'எமோ' என்று சொல்லிவிடாதீர்கள்.
டார்பி எழுந்து வெளியே போய்விடுவான்.
இதை வாசிக்கிற எவரும்
இந்தப் பெயரை ஒப்புக்கொள்வதில்லை.
ஆளை அடையாளம் காண அதுவே போதும்.

கலமசூவில் பிப்ரவரி.
இரவு உடுப்பின்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து
எங்கள் நிலவறைக் கதவை இடித்தீர்கள்.
'ஆறு மணிக்கு எனக்கு வார்டில் டியூட்டி.
யார் செத்துப்போனது இங்கே?'

யாரும் சாகவில்லை.
ட்ரென்ட்டின் ஆட்ரா
கிராண்ட் ராபிட்ஸுக்கு வீடு மாறிப் போயிருந்தாள்.
ஐம்பது மைல்.
அதற்குத்தான் அத்தனை கூச்சல்.

நீங்கள் சிரிக்கவில்லை.
துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து
பூட்ஸிலிருந்து பனி சொட்டச் சொட்ட
'சரி, இன்னொன்று' என்றீர்கள்.
போகும்போது, கதவருகே:
'இதையெல்லாம் எங்கேயிருந்து தொடங்குவது?'

மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதித் தந்தேன்.
என் கையெழுத்து எனக்கே புரியாது,
அதனால் கேசட்டோடு இதையும் வைக்கிறேன்.

பழசிலிருந்து தொடங்க வேண்டாம்.
வாஷிங்டனில், எண்பதுகளின் கோடையில்,
சட்டை நனையக் கத்திய பையன்கள் இருந்தார்கள்.
அது வரலாறு.
வரலாறு கேட்டு அழுதவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

மெதுவானதிலிருந்து வாருங்கள்.
கம்பிகளை எந்தப் புத்தகத்திலும் இல்லாத சுருதிக்கு முறுக்கி
ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவார்கள்,
பஸ்ஸுக்குப் போதுமா என்று
உள்ளங்கையில் சில்லறை எண்ணுகிறவர்களைப் போல.
நடுவில் ஒரு டிரம்பெட் வரும்.
பள்ளிக்கூட பேண்டில் அரைகுறையாகக் கற்றது.
அதை மன்னிக்கவெல்லாம் வேண்டாம்,
வந்துவிட்டுப் போகட்டும்.

தலைப்புக்கும் பாட்டுக்கும் தொடர்பு தேடாதீர்கள்.
தலைப்பு யாரோ நாலு பேருக்குள் ஒரு பழைய கேலி.
உள்ளே இருப்பது வேறு:
ஒரு நெடுஞ்சாலையின் எண்,
திருப்பித் தராத ஸ்வெட்டர்,
ஆகஸ்ட்.
எதற்கெடுத்தாலும் ஆகஸ்ட்.

குரல் உடையும்.
எட்டாது என்று தெரிந்தே அந்தச் சுரத்துக்குப் போகிறார்கள்.
நாடகம் என்று உங்களுக்குத் தோன்றும்.
பாதி நாடகம்தான்.
மிச்சப் பாதி எங்கே தொடங்குகிறது என்று
பாடுகிறவனுக்கே தெரியாது.

அப்புறம்,
மாலில் கண்மை தீட்டித் திரிகிற பதினைந்து வயசுகள்,
உங்கள் வார்டுக்கும் வருவார்கள், முழுக்கைச் சட்டையில்,
ஜூலை மாதத்திலும்.
அவர்கள் கேட்பதும் இதில் சேர்ந்ததுதான்.
இல்லவே இல்லை என்பான் ட்ரென்ட்.
அவன் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை.
பாதிப் பாட்டில் ஒரு பெண் போய்விட்டிருப்பாள்.
அவள் தரப்பு எங்கேயும் இருக்காது.
அதை நீங்களேதான் போட்டுக் கேட்க வேண்டும்.
ஆட்ராவுக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது.
பல் மருத்துவமனை, காப்பீட்டோடு.
அவ்வளவுதான் நடந்தது.
பாட்டு ஏழு நிமிடம்.

இரண்டாம் பக்கத்தில் கடைசியாக வருவது அதுதான்.
அந்த இரவே பதிவானது.
ஆறாவது நிமிடத்தில், ட்ரென்ட் முறிகிற இடத்தில்,
தாளத்தில் சேராத ஐந்து அடி.
தன்னுடையது இல்லை என்று டார்பி சத்தியம் செய்கிறான்.
வெட்டிவிடலாம் என்றோம்,
வெட்டியும் பார்த்தோம்.
யாரோ ஒரு பையன்
காலி வீட்டில் கத்துகிற மாதிரி இருந்தது.
திரும்ப ஒட்டிவிட்டோம்.

ஐந்து அடி,
ஒரு தாழ்ப்பாள்,
பிறகு நீங்கள் கேட்ட கேள்வி, லேசாக.

சத்தமாகவே வையுங்கள்.
எங்களுக்குக் காலையில் வேலை இருந்தால்
வந்து இடிக்கிறோம்.