பத்து தெத்ரி

த்பிலிசியின் வடகோடியில் க்ல்தானி.
பதினாறு மாடிக் கான்கிரீட் பெட்டிகள்
ஒன்றன் முதுகை ஒன்று பார்த்தபடி நிற்கும்.
ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு லிஃப்ட்,
ஒவ்வொரு லிஃப்டிலும் ஓர் உண்டியல்.
காசு போட்டால் ஏறும்.
போடாவிட்டால்
கால்கள் எதற்கு இருக்கின்றன?

அந்த உண்டியல்கள் ஓதாருடையவை.
மூவாயிரத்து இருநூற்றுப் பதினொன்று.
ரொட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும்
ஊரே வரிசையில் நின்ற தொண்ணூறுகளில்
ஒரு செத்த பொதுத்தொலைபேசியைப் பிரித்து
அவர் செய்த சின்னப் பூட்டு.
பத்துப் பத்தாய்ச் சேர்ந்து அது
மலைமேல் கண்ணாடி வீடானது,
ககேத்தியில் திராட்சைத் தோட்டமானது,
மகளுக்கு வியன்னாவில் செல்லோவானது.

பெயருக்கேற்றபடி
ஓதார் எதையும் ஓதியதில்லை.
ஒரு தேவாலயத்துக்கு மணி வாங்கித் தந்தார்,
விளிம்பில் அவர் பெயர்.
முதல்முறை ஒலித்தபோது
எல்லோரும் சிலுவையிட்டுக்கொண்டார்கள்.
அவர் காதில் விழுந்தது வெண்கலத்தின் எடை மட்டும்,
கிலோவுக்கு இவ்வளவு என்று.

அறுபத்து மூன்றில்
விடிகாலை நாலு மணிக்கு விழிப்பு வரத் தொடங்கியது.
மாத்திரை தந்தார்கள்.
மாத்திரையைத் தாண்டிக் குதித்து
நாலுக்கே வந்தது.
இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள்.
நன்றாக இருந்து
என்ன செய்கிறது என்று சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள்
பழைய கணக்காளர் வக்தாங்கின் சாவுக்குப் போனார்.
பதினாலாம் மாடி.
லிஃப்டுக்குள் நின்று கோட்டுப் பைகளைத் துழாவினார்:
மூன்று அட்டைகள், ஒரு பேனா, மூக்குக்கண்ணாடி உறை.
காசு இல்லை.
தன் பூட்டின் முன்
தானே நின்றார்.

பின்னாலேயே ஒருத்தி நுழைந்தாள்.
தோளில் உருளைக்கிழங்குச் சாக்கு,
நகங்களில் ஈரமண்.
"எத்தனையாவது?"
"பதினாலு."
போட்டாள், அழுத்தினாள்.
ஒன்பதில் இறங்கும்போது
"இந்தப் பெட்டியை வைத்த பாவி
நரகத்துக்கும் காசு போட்டே இறங்கட்டும்" என்று
அவருக்கும் சேர்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

மீதி ஐந்து மாடி.
எத்தனையோ ஆண்டுகளாகப் பிறர் காசில் உயர்ந்தவர்தான்.
அன்றைக்குத்தான்
பாதத்துக்கும் தரைக்கும் நடுவே
வேறொருவர் இருப்பது தெரிந்தது.

வக்தாங்கின் மனைவி தேன் கலந்த கோதுமை தந்தாள்.
தின்றார்.
படியில் இறங்கி வந்தார்.
ஒன்பதாம் மாடியில் நான்கு கதவுகள்.
எதையும் தட்டவில்லை.

இரவு அலுவலகத்தில் ஒரு நாணயத்தை எடுத்துப் பார்த்தார்.
சிங்கத்தின் மேல் ஒரு புனிதர் அமர்ந்திருந்தார்.
எப்போதிருந்து?
இத்தனை காலம் மூட்டை மூட்டையாய் எடைபோட்டவர்
அப்போதுதான் கேட்டார்.

இப்போது நாலு மணிக்கு எழுந்து
ஏதாவதொரு கட்டடத்துக்குப் போகிறார்.
உண்டியலின் தலைமேல்
ஒற்றைக் காசு வைத்துவிட்டு வருகிறார்,
புனிதர் மேலே தெரியும்படி.
எடுப்பது யாரென்று பார்ப்பதில்லை.
சில நாள் சிகரெட்டுக்குப் போகும், போகட்டும்.

தொலைபேசியில் மகள் கேட்டாள்:
"மொத்தமாகக் கழற்றிவிடலாமே அப்பா?"
"பெட்டி இல்லாவிட்டால்
அன்றைக்கு அவள் எனக்காக எதைப் போட்டிருப்பாள்?"
"இது பதிலில்லை."
இல்லைதான்.
அது அவருக்கும் தெரிந்திருந்தது.

மறுவாரம் திருப்புளியோடு போய்
அந்த ஒரு லிஃப்டில் மட்டும் கழற்றினார்.
நான்கு திருகாணிகள், கடைசியில் ஒன்று வழுக்கி
உள்ளங்கை கிழிந்தது.
மற்ற மூவாயிரத்துச் சொச்சத்தை
என்ன செய்வதென்று இன்னும் முடிவாகவில்லை.
தினமும் மாலையில் மூட்டைகள் வருகின்றன.
அவர் வைத்ததும் அதில் கிடக்கும்,
அவள் போட்டதும் எங்கோ கிடக்கும்.
கடவுளா என்று கேட்டால்
தோளைக் குலுக்குகிறார்.

கையில் கட்டு ஆறவில்லை.
லிஃப்ட் திறந்திருக்க,
சட்டைப்பையில் ஏழெட்டுச் சிங்கங்கள் குலுங்க,
பக்கத்துக் கட்டடத்தில்
படியேறிக்கொண்டிருக்கிறார்.
மூன்றாவது மாடியில் நின்று
மூச்சு வாங்குகிறார்.
யாரோ ரொட்டி சுடுகிறார்கள்.