புள்ளிக்குப் பின் வரும் எண்

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி இறுகிக் கிடக்கிறது.
இரும்புத்தாது ஏற்றும் கப்பல்கள்
பனி விடட்டும் என்று துறையில் கட்டுண்டு நிற்கின்றன.
நிலவறையில் லோர்னா கிவெலா,
இரண்டு திரை, இரட்டைக் காலுறை, ஆறிப்போன காப்பி.
நாளுக்கு இருபத்திரண்டு கோப்பு கணக்கு.
இது பதினேழு.

ஆண். வயது அறுபத்தொன்று. கப்பலில் எண்ணெய் போடுபவர்.
பெயர் மேலே இருக்கிறது.
அவள் பெயர் படிப்பதில்லை. ஊர் சிறியது,
முட்டை வாங்க வரிசையில் நிற்கும்போது
முன்னால் நிற்பவரின் எண்
நினைவுக்கு வந்துவிடக் கூடாது.

மருத்துவர் ஓயெலரன் எழுதியது:
‘பெரும் மனச்சோர்வு. முதல் முறை. கடுமை. மருந்து தொடர்க.’

செவிலி டோம்சாக் எழுதியது, அதிகாலை 3.40:
‘தட்டைத் தள்ளிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.
செத்தவனுக்கு எதற்கு ஓட்ஸ் கஞ்சி என்றார்.
நவம்பரிலேயே செத்தாயிற்றாம், இயந்திர அறையில்.
யாரும் கவனிக்கவில்லையாம்.
வெந்நீர்க் குழாய் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு
இன்னும் ஏன் புதைக்கவில்லை என்று கேட்கிறதாம்.
போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.
மரியாதைக்கு நன்றி என்றார்.’

படித்த கணமே லோர்னாவுக்கு எண் தெரிந்துவிட்டது.
எஃப் 32.3.
ஆனால் செவிலி எழுதியதை வைத்து
நோய்க்கு எண் போடக் கூடாது. விதி.
மருத்துவர் கை எழுத வேண்டும்.
எழுதும்வரை அது 32.2.
அதாவது, குழாய் வாய் திறக்கவில்லை.
அதாவது, தான் உயிரோடிருப்பதில்
அவருக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை.

(என் மொழியில் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் விலகி மெய் மட்டும் நிற்கும்.
தொண்டையில் சிக்கிக்கொண்ட மாதிரி ஒரு க்.
லோர்னாவுக்கு இது தெரியாது.
அந்த மனிதருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.)

மருத்துவரிடம் கேட்கலாம்.
பதிலை வாயில் ஊட்டிக் கேட்கக் கூடாது.
அதுவும் விதி.

‘டாக்டர், அந்த ஆள் தான் செத்துவிட்டதாகச் சொல்கிறார்,
நீங்கள் படித்தீர்களா இல்லையா?’
அழிக்கிறாள்.
‘டாக்டர், குழாய்’
அழிக்கிறாள்.
‘ஒன்பதாம் தேதி 3.40 செவிலியர் குறிப்பைப் பார்க்கவும்.
அதற்கு மருத்துவப் பொருள் இருப்பின் பதிவு செய்யவும்:
☐ மனப்பிறழ்வு அறிகுறிகளுடன்
☐ அறிகுறிகளின்றி
☐ வேறு
☐ தீர்மானிக்க இயலவில்லை’

சான்றாகக் குறிப்பை எடுத்து ஒட்டலாம், தேவையான அளவுக்கு.
கஞ்சியை ஒட்டினாள். நவம்பரை. குழாயை.
‘மரியாதைக்கு நன்றி’ எந்த நோய்க்கும் அறிகுறி அல்ல.
அதையும் சேர்த்து ஒட்டினாள்.

அனுப்பியபின் வீட்டுக் கொதிகலன் உறுமி எழுந்தது.
தலைக்கு மேலே குழாயில் தண்ணீர் ஓடிற்று,
டக், டக், பிறகு நீளமாக ஓர் இழுப்பு.
வெறும் தண்ணீர்.
அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து
குழாயருகே காதை வைத்து
இன்னொரு முறை கேட்டாள்.
வெறும் தண்ணீர்தான்.

வியாழக்கிழமை பதில் வந்தது.
முதல் கட்டத்தில் டிக்.
உடன்.
ஒரு சொல்கூட இல்லை அது, சொல்லின் வால்.
கீழே, யாரும் கேட்காமலே, ஓயெலரன் எழுதியிருந்தார்:
‘குழாய் ஓடாத மூலை அறைக்கு மாற்றியிருக்கிறோம்.
நேற்று அரைக் கிண்ணம் சாப்பிட்டார்.
செத்தவர்களுக்கும் பசிக்கும் போல என்றார்.’

இதற்கு எண் உண்டா என்று
தெரிந்துகொண்டே தேடிப் பார்த்தாள்.

பிறகு இரண்டை அழித்து மூன்றைத் தட்டினாள்.
காப்பீட்டு நிறுவனத்தில் யாரோ இதைத் திறந்து
இன்னும் எத்தனை நாள் என்று கேட்கப்போகிறார்கள்.
கேட்கட்டும்.

அடுத்த கோப்பு:
பனியில் வழுக்கி விழுந்த பெண், நாற்பத்தாறு வயது,
கணுக்கால் முறிவு.
இடதா வலதா,
ஒருவரும் எழுதவில்லை.