நாலாந்தரம்

அன்ரெனா வயர் முதலில் டெக்குக்குள் போகவேண்டும்,
டெக்கிலிருந்து இன்னொன்று ரீவிக்கு.
மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் போனார் குலேந்திரன்.
மாவாலையில் இரவு வேலை.
இறுதி ஆட்டம் நடக்கிற ஊரில் அப்போது பகலாம்,
எங்களுக்கு இரவு.

டைக் வீதியில் கடலுக்கும் எங்கள் தகரக் கூரைக்கும்
நடுவில் தார் ரோட்டு மட்டும்.
உப்புக்காற்று அலுமினியக் கம்பியெல்லாம்
வெள்ளைப் பொடி பூக்க வைத்திருந்தது.
மீன் வெட்டுகிற கத்தியால் சுரண்டினேன்.
வயரில் ஒரு இடத்தில் பல் பட்டிருந்தது,
கோட்டைப் பக்கத்து மான் என்பார் அவர்,
எலி என்பேன் நான்.
முறுக்கி, ரேப் சுற்றி,
ஜெஸீமாவின் மகன் இம்தாத்தைக் கூரையில் ஏற்றினேன்.

"வருதா?"
"கொஞ்சம்."
"இப்ப?"
"ஒவ்வொருத்தனும் ரெண்டு ரெண்டா ஓடுறான்."
"இப்ப?"
"அசையாத! அப்பிடியே நில்லு!"
செக்கல் நேரம். காகமொன்று வந்து கம்பியில் குந்தியது,
படம் கண்ணாடி மாதிரித் தெளிந்தது.
அது பறக்குமுன் குழாயை இறுக்கிக் கட்டச் சொன்னேன்.

சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.
கசெற் சுழன்றது.
விடிய இரண்டு மணிவரை பார்த்தோம்,
ஜெஸீமா கிள்ளிய இடம் தோளில் இன்னும் நீலம்.

ஆறரைக்கு வந்தார்.
புருவத்தில் மா, இரண்டு காதிலும் பஞ்சு.
சீனக்குடாவிலிருந்து பஸ்ஸில்
ஒருவர் வாயும் கேளாமல்,
பேப்பர் கடைப் பக்கம் திரும்பாமல் வந்திருக்கிறார்.
என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.
"போடு."

போட்டேன்.
வெங்காயம்.
வெள்ளைச் சேட்டுப் போட்ட உத்தியோகத்தர் ஒருவர்
தாள் நுனி கருகுவதைப் பற்றிச் சிங்களத்தில்.
பிறகு செய்தி.
பிறகு கசெற் முடியும்வரை புள்ளிமழை.

ரீவி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்க
டெக் தன்பாட்டுக்கு வேறொன்றைப் பார்த்திருக்கிறது.
அதற்கும் தனியாகச் சனல் வைக்கவேணுமாம்.
"அதைச் சொல்லேல்லையே," என்றேன்.
"நாலாந்தரம் சொல்ல நினைச்சது அதுதான்."

கொஞ்ச நேரம் வெங்காயத்தையே பார்த்தார்.
பிறகு ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்தார்.
"சொல்லு. முதல் ஓவரில இருந்து."

எனக்கு ஆட்களின் பெயர் தெரியாது.
நெட்டையன், தாடிக்காரன்,
ஒவ்வொரு பந்துக்கும் கையுறையைக் கழற்றிப் போடுகிறவன்.
பெயர்களை அவரே போட்டுக்கொண்டார்.
தேங்காய் துருவிக்கொண்டு சொன்னேன்,
பதினேழாம் ஓவரில் ரொட்டி கருகியது.
தாடிக்காரன் பிடியை விட்டதற்கு
சிமெந்துத் தரையில் ஓங்கி அடித்தார்,
கையிலிருந்து மா பறந்தது.

நாற்பத்தொன்பதில் கண் சொருகிவிட்டது.
"கடைசி ஓவரைச் சொல்லாத," என்றார்,
"எழும்பினாப் பிறகு."
பஞ்சைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டு
பாயில் சரிந்தார்.

வேலிக்கு மேலால் தலை நீட்டி
இம்தாத் வாயைத் திறந்தான்.
மீன் கத்தியைக் காட்டினேன்.