ஆறு நகல்

மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே
ஜெராக்ஸ் ஒரு பக்கம் இரண்டு ரூபாய்.
பன்னிரண்டு ரூபாயை மிச்சம் பிடிக்கவா
ராத்திரி ஒரு மணிக்குக் கையால் எழுதுகிறேன்?
கடைப் பையன் தாளை வாசிப்பான்.
அவனுக்க அம்மையும் எங்க அண்டி ஆபீசில்தான்
தோல் உரிக்கிறாள்.

மனுவுக்கு ஆறு நகல் வேண்டுமாம்.
எதுக்கு ஆறு என்றேன்.
நாகர்கோவில் ஆபீசில் ஃபோன் எடுத்தவள்
"விதி அப்படி அக்கா" என்றாள். பிறகு
குரலைத் தாழ்த்தி,
"மூணு மாசத்துக்குள்ள குடுத்துரணும்,
தேதி போட மறக்காதீங்க."

தேதி.
எனக்குத் தேதி தெரியாது.
எடை தெரியும்.

உடைப்பில் நூற்றுப்பத்து பேர்.
சாயங்காலம் தராசுக்கு
கடைசியாக வந்தால் போதும் என்று
என்னிடம் மட்டும் சொன்னது ஓணம் கழிந்த வாரம்.
தட்டில் பருப்பு.
தட்டைப் பிடித்த என் கைமேல்
மேனேஜர் வில்ஃபிரடின் கை.
முள் ஆடி நிற்கும்வரை எடுக்கமாட்டார்.
முள் நிற்க எவ்வளவு நேரமாகும் என்று
தராசு செய்தவனை விட எனக்குத் தெரியும்.

கை மேலே ஏறிய அன்று தட்டிவிட்டேன்.
ஏழு கிலோ நானூறு
ஐந்து கிலோ தொள்ளாயிரம் ஆனது.
அவர் ஒன்றும் பறயவில்லை,
மஞ்சள் சீட்டில் எழுதித் தந்தார்.

அந்தச் சீட்டுகள் உப்புப் பரணிக்குப் பின்னால் இருக்கின்றன.
தேதி அவரே போட்டது. கையெழுத்தும் அவருடையது.
எடை இறங்கிய நாளெல்லாம்
நான் மாட்டேன் என்று சொன்ன நாள்.

சம்பள மேசைக்குப் பின்னால், சுவரில்
பூஞ்சை ஏறிய ஒரு தாள். புகார்க் குழு உறுப்பினர்கள்.
நாலாவது பெயர் தா. எமல்டா பாய்.
நான்தான்.
போன வருஷம் போனசுக்கு என்று
இரண்டு இடத்தில் ஒப்பு வாங்கினார்களே,
அதில் ஒன்று இதற்கு.
என் புகாரை நான்
எனக்கே கொடுக்க வேண்டும்,
என்னை உட்கார வைத்து நானே விசாரிக்க வேண்டும்.
சிரிப்பு வந்துவிட்டது.

"என்னட்டி சிரிக்க?" என்றாள் ரோஸ்பிளோரா.
சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை. விரலில் ஒட்டிய சாம்பலைச்
சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.
"உனக்கு முன்ன கடைசியா நின்னது நான்."
சீட்டு?
"அடுப்பில இட்டேன்.
இனி எழுதினாலும் காலம் கழிஞ்சு போச்சே."

புகாருக்குத்தான் கெடு.
சாட்சி சொல்ல அப்படி ஒன்றும் இல்லை என்று
அந்த ஃபோன் பெண்ணிடம்
மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதல் தாளில்
'தவறாக நடந்துகொண்டார்' என்று எழுதினேன்.
இரண்டாவதிலும் அதுதான்.
மூன்றாவதில் அந்த வரி வந்ததும் பேனா நின்றது.
தவறு என்றால் கணக்கில் வருவது,
பஸ் மாறி ஏறுவது.
இரண்டையும் கிழித்தேன்.
கை எங்கே வந்தது, எந்தக் கை,
தராசில் அப்போது எவ்வளவு இருந்தது,
அதை எழுதினேன்.
எழுதும்போது உடம்பு கூசியது.
நாலாவது முறை எழுதும்போது
கை மட்டும் வலித்தது.

அண்டி எண்ணெய் தின்ற விரல் இது.
ரேஷன் கடை மிஷினில் நாலு தரம் வைத்தாலும்
நான் நான் இல்லை என்கும்.
பேனாவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.
ஆறு தாளிலும் ஒப்பிட்டேன்.
இந்தத் தடவை
எதுக்கு என்று வாசித்துப் பார்த்து.

ஆறேகால் பஸ்ஸுக்கு
ரோஸ்பிளோரா வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.
வராமலும் இருக்கலாம், அவளுக்க மாப்பிள்ளைக்குத் தெரியாது.
அவளுக்கு வெள்ளைத்தாள் ஒன்று
மடிக்காமல் பைக்குள் வைத்திருக்கிறேன்,
சீட்டுகளோடு.