பண்டாரவளைக்குப் போய் வந்தது

வட்டகொடையில் ஏறும்போது
மழை விட்டிருந்தது, சீரங்காயி.
போயா லீவு. மூன்றாம் வகுப்பில் நிற்கவும் இடமில்லை.
'வாடிவென்ன சீயா' என்று
எழும்பி நின்றான் ஒரு பொடியன்.
ஜன்னல் பக்கம்.
நீ இருந்தால் அதை எனக்கு விட்டிருக்க மாட்டாய்.

பையில் நம் காம்பராவுக்குப் பின்னால் காய்த்த
ஆறு மரத்தக்காளி.
ஸ்டோரில் சொல்லி வாங்கிய அரைக் கிலோ தூள்.
ஆறும் போய்ச் சேரவில்லை,
நானுஓயாவில் ஒன்றை நானே தின்றுவிட்டேன்.

பட்டிப்பொலயில் மூடுபனி.
சுரங்கத்துக்குள் நுழைந்ததும்
பொடியன்கள் ஊளையிட்டார்கள்.
அந்தப் பக்கம் வெளியேறினால்
சுள்ளென்று ஊவா வெயில்.

நாற்பத்தொரு வருஷத்தில்
வெளிச்சத்தில் நீ என் கையைத் தொட்டதில்லை.
மருந்து பூச, முள் எடுக்க, அட்டை பிய்க்க,
அது வேறு கணக்கு.
சும்மா தொடுவதற்கு
உனக்கு இந்தச் சுரங்கம் வேண்டியிருந்தது.

யோகராணி ஸ்டேஷனுக்கே வந்துவிட்டாள்.
பேரன் டிலக்‌ஷன் என்னை விட்டுவிட்டு
ரயில் டிரைவருக்குக் கை காட்டினான்.
மருமகன் பேக்கரியிலிருந்து கொண்டுவந்த
மாலு பணிஸ் இன்னும் சூடு.
தின்ன விடவில்லை மகள்.
'முதல்ல கண்ண மூடுங்கப்பா.'

சுவரில் நீ.

அடையாள அட்டையில் நகத்தளவு இருந்த முகம்
இப்போது தேத்தண்ணி டிரே அளவு.
பச்சைப் பட்டுச் சேலை, நீ கட்டாதது.
காதில் தொங்கட்டான்.
கழுத்தில் சங்கிலி.
வகிடு தொடங்குகிற இடத்தில்
கூடைக்கயிறு முப்பது வருஷம் அழுத்தி
முடி முளைக்காமல் போன தடத்தை மட்டும்
துடைத்தெடுத்து
கறுகறுவென்று முடி வைத்திருக்கிறான் ஸ்டூடியோக்காரன்.

கவ்வாத்து வெட்டிய மலையில்
ஒரே ராத்திரியில் கொழுந்து வந்தது என்றால்
நான் நம்புவேனா?

'நல்லா இருக்காப்பா?'
'நல்லா இருக்கு' என்றேன்.
ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாயாம். வேறென்ன சொல்ல.

பணிஸைப் பிய்த்தேன்.
அடுப்பைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:
'தடத்த எடுக்க வேணாம்னுதான் சொன்னேன்.
படத்துல பழுதுன்னு நெனச்சு அழிச்சிட்டான்.
சங்கிலிதான் நான் போடச் சொன்னது.'

சீரங்காயி,
அதே கோதுமை மணிச் சங்கிலி.
அவளுடைய ஓலெவல் டியூஷனுக்காகத்
தலவாக்கலையில் அடகு வைத்து
மூழ்கிப்போன ஒன்றரைப் பவுன்.
பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று
என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாயே.
பீலியில் குளிக்கும்போது கழன்று போச்சு என்று
இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லி,
நீ போதாததற்கு
இரண்டு நாள் ஓடையில் இறங்கித் தேடவும் செய்தாயே.

எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.
அவளும் திரும்பவில்லை.
குழம்பு கொதித்து வழிந்தது.
டிலக்‌ஷன் மட்டும் படத்தைப் பார்த்து
'அம்மாச்சி பணக்காரியா?' என்றான்.
'ஓ' என்றாள் மகள்.

திரும்பும்போது பின்னேர ரயில்.
பக்கத்தில் ஒரு சிங்கள மனுஷி,
மடியில் லீக்ஸ் கட்டு.
சட்டைப்பையிலிருந்து உன் அட்டையை எடுத்தேன்.
உன் பெயரில் ஓரெழுத்தை விழுங்கிவிட்ட அதே அட்டை.
இதில் தடம் இருக்கிறது.
சங்கிலி இல்லை.

ஒஹிய தாண்டி இருட்டு.
மறுபடியும் ஊளை.
வழக்கமாக வைக்கிற இடத்தில்
கையை வைத்தேன், உள்ளங்கை மேலாக.
ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியதில்
லீக்ஸ் கட்டு சரிந்து அதன்மேல் விழுந்தது.
ஈரம்.
வேரில் இன்னும் மண்.

வெளிச்சம் வரும்வரை
அந்த மனுஷியும் அதை எடுக்கவில்லை,
நானும்.